ஐ வாஸ் எ மேல் வார் பிரைட் (1949): முதலிரவுக்கு அனுமதிச் சீட்டு – காட்சி, சட்டம், படப்பிடிப்பு பற்றிய இழை

#1 ரீல்பெட்டி

ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கம், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரிப்பு. கறுப்பு வெள்ளை, 105 நிமிடம், 1949 ஆகஸ்ட் வெளியீடு. கேரி கிராண்ட் பிரெஞ்சு ராணுவ கேப்டன் ஆன்ரி ரோஷார். ஆன் ஷெரிடன் அமெரிக்க ராணுவ மகளிர் படையில் லெப்டினன்ட் கேத்தரின் கேட்ஸ். சண்டை ஓய்ந்து நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கிற காலம்.

கதை தெரியாதவர்களுக்கு: ஹைடல்பெர்க்கிலிருந்து பாட் நௌஹைம் போய், ஷிண்ட்லர் என்ற லென்ஸ் நிபுணரைக் கண்டுபிடித்து அழைத்து வர வேண்டும். ஆகவே ஆகாத இரண்டு பேரை ஒரே மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறார்கள். போகிற வழியெல்லாம் சண்டை, திரும்பும்போது காதல், பிறகு கல்யாணம். கல்யாணம் ஆன கையோடு அவளுடைய பிரிவுக்கு ஊர் திரும்ப உத்தரவு வருகிறது. அவளோடு அமெரிக்கா போக அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: போர்க்கால மணமகள்களுக்காக இயற்றப்பட்ட சட்டம்.

போஸ்டரில் கேரி கிராண்ட் பெண் வேஷத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் அந்த வேஷம் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. என்னைக் கேட்டால் இது பெண் வேஷப் படமே இல்லை, படிவங்களைப் பற்றிய படம். வில்லன் கிடையாது, மாமியார் கிடையாது, இடையில் புகுந்து கெடுக்கும் மூன்றாம் ஆள் கிடையாது. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பதெல்லாம் விதிமுறை மட்டும்தான். பிரிட்டனில் இதே படம் ‘யூ கான்ட் ஸ்லீப் ஹியர்’ என்ற பெயரில் ஓடியது. படத்தின் நடுநரம்பைச் சரியாகத் தொட்ட தலைப்பு அதுதான்.

காட்சிகளைப் பிரித்துப் பேசலாம். சட்டம் தெரிந்தவர்கள், படப்பிடிப்பு தெரிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள்.

#2 மாலைக்காட்சி

அண்ணே, படிவம் பற்றிய படம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படம் பாதிக்கு மேல்தானே ஆரம்பிக்கிறது? கல்யாணம் வரைக்கும் நாம் பார்ப்பது இரண்டு பேர் வழி நெடுக முறைத்துக்கொள்ளும் பயணக் கதை. படகு அணைக்கட்டு அருவியை நோக்கி இழுபட்டுப் போவது, ரயில்வே கேட் ரோஷாரைத் தூக்கிக்கொண்டு மேலே போவது, கம்பத்தில் ஏறிப் பலகையைப் படித்தால் ‘பெயின்ட் ஈரம்’ என்றிருப்பது, இதெல்லாம் ஊமைப் படக் காலத்துச் சரக்கு. சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இவற்றை எடுத்துவிட்டாலும் இரண்டாம் பாதி நிற்கும். புதுமணத் தம்பதிக் கதை என்று எடுத்துக்கொண்டால் முன்கதைக்கு இருபது நிமிடம் போதும்.

#3 கொட்டகைக்காரன்

மாலைக்காட்சி அக்கா, முதல் பாதியை எடுத்தால் இரண்டாம் பாதி விழுந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும், மறுபடி போட்டுப் பாருங்கள். ரோஷார் ஹைடல்பெர்க் தலைமையகத்துக்குள் நுழைகிறார். வராந்தா நெடுக ஒவ்வொரு கதவிலும் துறைகளின் பெயர்ச் சுருக்கம். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி அவிழ்த்துக்கொண்டே வருகிறார். ஒரு கதவில் ‘லேடீஸ்’ என்று இருக்கிறது. அதையும் சுருக்கெழுத்து என்று நினைத்து நின்று யோசிக்கிறார். ராணுவ பாஷையைப் படிக்கத் தெரியாதவர், பெண்கள் கதவு முன்னால் திகைத்து நிற்கிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு அவருக்கு நடக்கப் போவது அத்தனையும் அந்த ஒரு ஷாட்டில் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே.

அடுத்து மோட்டார் சைக்கிள். கிடைத்த வண்டி சைட்கார் வைத்தது, அதாவது பக்கத்தில் ஒருவர் உட்காரும் தொட்டில் ஒட்டியது. அமெரிக்க ராணுவ வண்டியை அமெரிக்கப் படையினர் மட்டும்தான் ஓட்டலாம் என்று விதி. அதனால் அவள் ஓட்டுகிறாள், அவர் தொட்டிலுக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறார். பதவியில் அவர் கேப்டன், அவள் லெப்டினன்ட். ஆனால் கைப்பிடி அவள் கையில். கல்யாணத்துக்குப் பிறகு ‘மனைவியைச் சார்ந்து வரும் கணவன்’ என்ற நிலை அவருக்குச் சட்டப்படி வருகிறது. உட்கார்ந்த இடத்தால் முதல் பாதியிலேயே அது வந்துவிட்டது.

மூன்றாவது, விடுதி அறைக் கதவு. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க வண்டி ஓட்டியதில் அவளுக்கு முதுகு வலி. பிடித்துவிட வருகிறார், தப்பெண்ணம் எதுவும் இல்லை. அவள் தூங்கிவிடுகிறாள். சத்தமில்லாமல் வெளியேறப் பார்க்கிறார், கைப்பிடி கழன்றுவிடுகிறது. பழைய கதவுகளில் இரண்டு பக்கக் கைப்பிடியையும் இணைப்பது ஒரு சதுரக் கம்பி. அது போய்விட்டால் உள்ளே இருப்பவரிடம் எவ்வளவு பலம் இருந்தாலும் தாழ் நகராது. இனி அவருக்கு மிஞ்சியது ஒரு நாற்காலி. அதில் கேரி கிராண்ட் தூங்க முயலும் நேரம் முழுக்க வசனம் ஏறக்குறைய இல்லை. கையைத் தொங்கப் போடுகிறார், மடியில் வைக்கிறார், தலைக்குப் பின்னால் கொண்டு போகிறார். அந்தக் கைக்கு எங்கும் இடமில்லை. பின்னால் தங்க இடம் கிடைக்காமல் குளியல் தொட்டியில் படுக்கும்போது நாம் உடனே சிரிக்கிறோமே, அது இந்த நாற்காலியால்தான். முதல் தடவை கல்யாணம் ஆகாதவர், ஒரு பெண்ணின் அறையிலிருந்து வெளியேற முடியவில்லை. இரண்டாம் தடவை கல்யாணம் ஆனவர், மனைவியின் அறைக்குள் போக முடியவில்லை. இதில் ஒன்றை வெட்டினால் மற்றது பாதிதான்.

#4 சட்டப்புத்தகம்

படத்தில் திரும்பத் திரும்ப வரும் ‘பொதுச் சட்டம் 271’ கற்பனை அல்ல. 79வது அமெரிக்க காங்கிரஸ் இயற்றியது, 1945 டிசம்பர் 28 முதல் நடைமுறை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய, அல்லது நற்சான்றுடன் விடுவிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களின் வெளிநாட்டு வாழ்க்கைத் துணையும் குழந்தைகளும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர்தான் வரலாம் என்ற நாட்டு வாரி ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே குடிபுகலாம் என்பது சாரம். மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டத்தின் வாசகம் ‘மனைவி’ என்று சொல்லவில்லை, ‘வாழ்க்கைத் துணை’ என்றே சொல்கிறது. ஆகவே கணவனும் வரலாம். பேச்சு வழக்கில்தான் அது மணமகள்கள் சட்டம் ஆனது. ரோஷார் ஒவ்வொரு வாசலிலும் ஒப்பிக்கும் நீண்ட அடையாளம், அதாவது பொதுச் சட்டம் 271இன் கீழ் அமெரிக்கா செல்லும் ராணுவப் பெண் ஊழியரின் வெளிநாட்டுத் துணை என்பது, சட்டப்படி துல்லியமானது.

கணவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1924 குடியேற்றச் சட்டத்தில் அமெரிக்க ஆணின் மனைவிக்கு ஒதுக்கீட்டு வரம்பு இல்லை. அமெரிக்கப் பெண்ணின் கணவனுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. பின்னர் வந்த திருத்தங்களும் 1932 ஜூலை 1க்கு முன் மணந்தவர்களுக்கே அதை நீட்டித்தன. அதற்குப் பின் மணந்த கணவன் ஒதுக்கீட்டுக்குள் முன்னுரிமை வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆகவே 1940களில் மணந்த ஒரு வெளிநாட்டுக் கணவனுக்கு 271 பெரிய கதவு. படத்தில் ரோஷார் அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1950 ஜூன் வரையிலான குடியேற்றத் துறைக் கணக்கில் இந்தச் சட்டத்தின்படி வந்த மனைவியர் 1,14,691 பேர். கணவர்கள் 333 பேர். குழந்தைகள் 4,669. கப்பலில், விடுதியில், மருத்துவப் பரிசோதனையில் எதிலுமே ஆணுக்கென்று ஏற்பாடு இல்லாமல் போனதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மணமகள்களை ஏற்றிக்கொண்டு முதலில் கிளம்பிய எஸ்.எஸ். அர்ஜென்டினா, 1946 ஜனவரி 26 அன்று சவுத்தாம்ப்டனை விட்டு, பிப்ரவரி 4 அன்று நியூயார்க் சேர்ந்தது. 450க்கு மேற்பட்ட மணமகள்கள் இருந்த அந்தக் கப்பலில் மணமகன் ஒருவர்தான்.

மூலக் கதையும் நடந்ததே. ரோஜர் ஷார்லியே என்ற பெல்ஜியக்காரர் அமெரிக்க ராணுவச் செவிலியரை மணந்து, இதே சட்டத்தில் போராடி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த அனுபவத்தை ஆன்ரி ரோஷார் என்ற புனைபெயரில் எழுதினார். படம் அவரைப் பிரெஞ்சுக்காரர் ஆக்கிவிட்டது.

#5 மாலைக்காட்சி

சார், 333 என்ற எண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், நன்றி. ஒரு கேள்வி. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது, கல்யாணம் செல்லும், தாளெல்லாம் கையில் இருக்கிறது. அப்புறமும் ஒரு இரவு படுக்க இடம் கிடைக்காதது நம்பும்படியா இருக்கிறது, இல்லை சினிமாவுக்காக ஊதியதா?

#6 சட்டப்புத்தகம்

ஊதியது உண்டு, அடிப்படை நம்பக்கூடியது. சட்டம் சொல்வது ‘நாட்டுக்குள் வரலாம்’ என்பது மட்டும். கப்பலில் இடம் தருவது ராணுவப் போக்குவரத்துப் பிரிவின் வேலை. துறைமுகத்தில் தங்க வைப்பது விடுதி நிர்வாகத்தின் வேலை. கப்பலில் ஏற்றிய பிறகு, படத்தில் காட்டுகிறபடி, கடற்படையின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி விதிப் புத்தகம். 271 அந்தப் புத்தகங்களைத் திருத்தவில்லை. அதனால் ஒரே ஆள் ஒரு மேஜையில் ‘மணமகள்’, அடுத்த மேஜையில் ‘அனுமதியில்லாத ஆண்’, மூன்றாவதில் ‘வெளிநாட்டு ராணுவ அதிகாரி’. மூன்று அலுவலர்களும் தங்கள் விதிப்படி சரியாகவே நடக்கிறார்கள்.

மனைவிக்கும் சிக்கல் அதேதான். அவள் ராணுவ ஊழியர், பெண்கள் குடியிருப்பில் தங்க வேண்டியவள். அங்கே ஆண்கள் வரக்கூடாது. மணமகள்களின் விடுதியிலும் ஆண்கள் வரக்கூடாது. மனைவியோடு தங்கும் கணவன் என்ற ஒருவனை எந்தப் புத்தகமும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெர்மனியில் நடக்கும் கதை, ஆனால் ஜோடியில் ஜெர்மானியர் இல்லை. அமெரிக்கப் படையினர் ஜெர்மானியரை மணக்கக் கூடாது என்ற தடை 1946 டிசம்பரில்தான் விலகியது. பிரெஞ்சு அதிகாரியை வைத்ததால் அந்தப் புண்ணைத் தொடாமல் கதை நகர்ந்துவிடுகிறது. அதேபோல் கப்பலேறும் மணமகள்களில் ஆசியப் பெண்கள் கிடையாது. குடியுரிமைக்கு இனத்தால் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த துணைகளுக்கு 271 முதலில் உதவவில்லை. 1947 ஜூலை 22 திருத்தம்தான் ஜப்பானிய மனைவியர் போன்றோருக்கு வழிவிட்டது, அதுவும் திருத்தம் வந்து 30 நாள் முடிவதற்குள் மணந்திருந்தவர்களுக்கு மட்டும். படத்தைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விதியை வைத்துச் சிரிக்க வைக்கும் படம் என்பதால், அந்த விதி யாரைச் சிரிக்க விடவில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

#7 ரீல்பெட்டி

சார் சொன்னதில் ஒரு இழையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை நெறிகள், கல்யாணம் ஆகாத ஜோடியைப் படுக்கை பக்கம் அண்ட விடாது. கதாசிரியர்கள் சார்லஸ் லெடரர், லெனார்ட் ஸ்பிகல்காஸ், ஹேகர் வைல்ட் மூவரும் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். இவர்களுக்கு ஒரு கல்யாணம் அல்ல, மூன்று கல்யாணம்: ஜெர்மன் ஊர்த்தலைவர் முன் பதிவு, அமெரிக்க ராணுவப் பாதிரியார் முன் ஒன்று, பிரெஞ்சு முறைப்படி ஒன்று. ஜெர்மனியில் அரசுப் பதிவு இல்லாமல் சர்ச் கல்யாணம் மட்டும் செல்லாது என்பதால் முதலாவது தேவைப்படுகிறது. மூன்று முறை மணந்தவர்கள் சேர்ந்து இருக்கக்கூடாது என்று எந்தத் தணிக்கையாளரும் சொல்ல முடியாது. ஆகவே படம் முழுக்க முதலிரவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடிகிறது. தடுப்பது ராணுவம், தணிக்கை அல்ல.

மூன்று கல்யாணமும் வேகமாகக் கடந்துவிடுவதைக் கவனியுங்கள். ஹாக்ஸுக்குச் சடங்கில் அக்கறை இல்லை. சடங்குக்குப் பிறகு கையில் சேரும் தாள்களில்தான் அக்கறை.

#8 மூவியோலா

படப்பிடிப்பு பக்கம் நான் சொல்கிறேன்.

1948 இலையுதிர் காலத்தில் ஹைடல்பெர்க்கில் ஆரம்பித்தார்கள். அந்த ஊர் குண்டுவீச்சில் பெரிதாகச் சேதமடையாதது, அமெரிக்கப் படைத் தலைமையகமும் அங்கேயே இருந்தது. சீருடை, வண்டி, கட்டடம் எல்லாம் அசல். அங்கிருந்து லண்டன் பக்கம் ஷெப்பர்டன் ஸ்டூடியோ. ஷெரிடனுக்கு நுரையீரல் உறையில் அழற்சி வந்து, அது முற்றி நிமோனியா, படப்பிடிப்பு நின்றது. பிறகு கிராண்டுக்கு மஞ்சள் காமாலை, சுமார் மூன்று மாதம் நின்றது. மிச்சத்தை ஹாலிவுட்டில் முடித்தார்கள். இந்த இடைவெளியில்தான், 1948 டிசம்பர் 28 அன்று, 271இன் மூன்று ஆண்டுக் கெடுவும் முடிந்தது. படம் திரைக்கு வரும்போது ரோஷார் பிடித்துத் தொங்கிய கதவு சாத்தியாகிவிட்டது.

காமாலையில் கிராண்ட் நன்றாக இளைத்துவிட்டார். வைக்கோல் போருக்குள் ஜெர்மனியில் நுழைந்தவர் கலிஃபோர்னியாவில் இருபது பவுண்டு குறைந்து வெளியே வந்தார் என்ற பொருளில் ஹாக்ஸ் சொல்லியிருக்கிறார். சைட்கார் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடி வைக்கோலில் மோதும் காட்சி அது. மோதலும் முத்தமும் அடுத்தடுத்து வருகின்றன. வெட்டு விழும் இடத்தில் நிறுத்தி, அவர் கன்னத்தையும் சீருடைக் காலர் கழுத்தில் உட்காரும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எது வெளிப்புறம், எது பேக் புரொஜெக்‌ஷன் (பின்னால் திரையில் படத்தை ஓட்டி, முன்னால் நடிகர்களை வைத்து ஸ்டூடியோவில் எடுப்பது) என்று கண்டுபிடிக்க:

முகத்தில் விழும் வெளிச்சத் திசையைப் பாருங்கள். சாலை வளையும்போது நிழல் முகத்தில் நகர வேண்டும். நகராமல் ஒரே பக்கம் நின்றால் ஸ்டூடியோ. பின்னணியில் தெரியும் ஃபிலிம் துகள் (கிரெயின்) முன்னால் இருப்பவர்கள் மேல் தெரிவதைவிடப் பெரிதாக, சற்று மங்கலாக இருந்தால் திரையில் ஓட்டிய படத்தை மறுபடி படமெடுத்திருக்கிறார்கள். மூன்றாவது அதிர்வு. கல் பாவிய சாலையில் வண்டியும் ஆளும் பின்னணியும் வெவ்வேறு தாளத்தில் குலுங்க வேண்டும். பின்னணி மட்டும் ஆடி, கைப்பிடி அசையாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வசனம் நீளமாக வரும் மிட் ஷாட்களில் முதலில் தேடுங்கள். ஓடும் எஞ்சின் பக்கத்தில் வைத்து அன்றைய மைக்கில் இப்படிச் சுத்தமான வசனம் கிடைக்காது.

#9 குறும்படக்காரன்

அண்ணன்களுக்கு வணக்கம். சைட்கார் வண்டி வைக்கோலில் மோதுவது போல ஒரு காட்சியைச் சின்ன செலவில் எடுக்க முடியுமா? என்னென்ன தப்பு நடக்கும்?

#10 மூவியோலா

முடியும் தம்பி. ஆனால் முதல் விதி: ஓடும் எஞ்சினோடு வைக்கோலுக்குள் போகாதே. சைலன்சர் சூட்டில் காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, லேசான சரிவில் தள்ளிவிட்டோ கயிறு கட்டி இழுத்தோ எடு. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் போதும். நொடிக்கு 18 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். கேமராவைத் தரையோடு வைத்து அகல லென்ஸ் போட்டால் இன்னும் கூடும். எஞ்சின் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்.

வைக்கோல் போர் உள்ளே காலியாக இருக்க வேண்டும். காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல். உள்ளே மூங்கில், கழி, கயிற்று முளை எதுவும் இருக்கக் கூடாது. அடுக்கிய பின் ஒருவர் கையால் துழாவிச் சரிபார்க்க வேண்டும். தீயணைப்பான் இரண்டு, தண்ணீர் ட்ரம் ஒன்று பக்கத்தில்.

வண்டி நுழையும்போது அதில் நடிகர்கள் வேண்டாம். ஓட்டத்தை மூன்று துண்டாக்கு: ஆள் உட்கார்ந்திருக்கும் மெதுவான ஓட்டம், பொம்மை வைத்த வண்டி போருக்குள் நுழைவது, நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் வைக்கோலை விலக்கிக்கொண்டு எழுவது. மூன்றாவதைக் கடைசி நாள் வைத்துக்கொண்டாலும் ஒட்டும். ஆனால் தலைமுடி, தூசி, பட்டன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பது, போவது அங்கேதான்.

சைட்கார் வண்டியை சாதா பைக் மாதிரி ஓட்ட முடியாது. நம் ஊரில் தொட்டில் இடப்பக்கம் இருக்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் தொட்டிலின் எடை பின்தங்கி வண்டி இடப்பக்கம் இழுக்கும். பைக்கில் மட்டும் பிரேக் பிடித்தால் தொட்டில் முன்னால் ஓடப் பார்த்து வலப்பக்கம் தள்ளும். வேகமாக இடப்பக்கம் திரும்பினால் தொட்டில் சக்கரம் தரையை விட்டு எழும். ஆள் இல்லாத தொட்டில் என்றால் மணல் மூட்டை போட்டுக் கட்டு, 40 கிலோ அளவில். பைக்கில் நல்ல பழக்கம் உள்ளவர்கூட முதல் வளைவில் திணறுவார், ஏனென்றால் இதைச் சாய்த்துத் திருப்ப முடியாது, கைப்பிடியால்தான் திருப்ப வேண்டும். ஒத்திகையைக் காலி மைதானத்தில் முடித்துவிட்டு வா. பொதுச் சாலை என்றால் ஆர்.சி. புத்தகத்தில் சைட்கார் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்.

#11 கொட்டகைக்காரன்

குறும்படக்காரனுக்குத் திரைக்கதைப் பக்கம் ஒன்று. இந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டியது வைக்கோல் அல்ல, மேஜைகளின் வரிசை. ஒவ்வொரு மேஜையிலும் மூன்று விஷயம் நடக்கிறது. ரோஷார் தன் அடையாளத்தைச் சொல்கிறார். எதிரே இருப்பவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார். அந்தத் தப்பைச் சரிசெய்ய ஒரு புதுத் தாள் கிடைக்கிறது, அந்தத் தாளே அடுத்த மேஜையில் தடையாக மாறுகிறது. இது கடைசி முடிச்சு. இது இல்லாவிட்டால் ஒரே காட்சியைத் திரும்ப எழுதின மாதிரி ஆகிவிடும்.

அதே நீண்ட வாசகத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் தனியாக வெட்டி வரிசையாகப் பாருங்கள். முதலில் விளக்கம் கொடுப்பவர் மாதிரி. நடுவில் சாமி கும்பிடுகிறவர் மந்திரம் சொல்வது மாதிரி வேகமாக, இடைவெளி இல்லாமல். பிறகு தூக்கமில்லாத ஆளின் முனகல். வார்த்தை மாறவில்லை, ஆள் தேய்ந்துகொண்டே வருகிறார். மருத்துவப் படிவத்தில் பெண்களின் உடல்நலக் கேள்விகளை ஒரு அலுவலர் எதையும் விடாமல் வாசிக்கிறார், இவரும் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த அலுவலர் கிண்டல் செய்யவில்லை, கடமையாகக் கேட்கிறார். இந்த வகைக் கதையில் அதிகாரியைக் கோமாளி ஆக்கினால் காட்சி செத்துவிடும். அவர் நியாயமானவராக இருக்க வேண்டும்.

#12 மாலைக்காட்சி

இதை முழுசா ஒத்துக்கொள்கிறேன். பெண் வேஷத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடைசியில் கப்பலில் ஏற வழியே இல்லாமல் குதிரை வால் முடியில் விக் செய்து, மகளிர் படைச் சீருடை மாட்டிவிடுகிறாள் கேத்தரின். கிராண்ட் அதில் நடையை மாற்றவில்லை, இடுப்பை வளைக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. பாவாடை கட்டின எரிச்சலான ஆம்பிளை, அவ்வளவுதான். நம் மேடையிலும் சினிமாவிலும் பெண் வேஷம் என்றால் ‘எவ்வளவு அச்சு அசல் பெண்ணாக இருக்கிறார்’ என்பதுதான் கைதட்டல். இங்கே கொஞ்சமும் பொருந்தாத வேஷம் ராணுவச் சோதனையைத் தாண்டிப் போகிறது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது சீருடையையும் தாளையும்தான். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நிஜத்தைச் சொன்னபோது நம்பாதவர்கள் பொய்யான தாளை நம்புகிறார்கள்.

பிரெஞ்சுக்காரராக நடிக்கிறவர் பிரெஞ்சு உச்சரிப்பையே முயலாததும் இதே முடிவுதான் என்று நினைக்கிறேன். உச்சரிப்பு வைத்திருந்தால் ‘வெளிநாட்டுக்காரன் மாட்டிக்கொண்டான்’ என்று சிரித்திருப்போம்.

#13 ரீல்பெட்டி

அக்கா சொன்ன சீருடை விஷயம் அருமை. ஷெரிடனுக்கும் உரிய இடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் கிராண்டைப் பேசுகிறோம். இரண்டாம் பாதியில் விதிகளை அறிந்தவள், வரிசையில் முன்னால் நிற்பவள், அடுத்து எந்த அலுவலகம் என்று தெரிந்தவள் அவள்தான். முதல் பாதியில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். அவர் தூங்க இடமில்லாமல் திரும்பி வரும் காட்சிகளில் அவள் முகத்தைப் பாருங்கள். காதல் அங்கேதான் தெரிகிறது, முத்தத்தில் அல்ல.

சப்டைட்டில் போட்டுப் பாருங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாக்ஸ் படங்களில் ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் பேச ஆரம்பித்துவிடுவார். முதல் தடவை காதால் மட்டும் கேட்டால் பாதி வசனம் போய்விடும். இரண்டாம் தடவை சப்டைட்டிலை எடுத்துவிட்டு நடிகர்களின் கையைப் பாருங்கள்.

இதே பக்கத்தில் தேடுபவர்களுக்கு: ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் ‘த மோர் த மெரியர்’ (1943). வாஷிங்டனில் போர்க்கால வீட்டுப் பஞ்சம், ஒரே ஃபிளாட்டில் மூன்று பேர். சார்ல்ஸ் கோபர்னுக்குத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்த படம். கல்யாணம் கடைசிப் பகுதியில்தான் வரும், ஆனால் ராணுவ உத்தரவுக்கும் காதலுக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற கணக்கு ஒன்றே.

#14 மாலைக்காட்சி

பார்க்கிறேன் அண்ணே. நாற்காலி, கதவு, சைட்கார் மூன்றையும் விட்டுத்தருகிறேன், கொட்டகைக்காரன் தம்பி சொன்னது சரி. பாட் நௌஹைம் கறுப்புச் சந்தை சோதனை மட்டும் இன்னும் வெட்டலாம் என்றே சொல்வேன். ரோஷார் மாறுவேஷத்தில் போய்க் கைதாகிறார், அந்த நேரத்தில் கேத்தரின் போய் லென்ஸ்காரரைக் கண்டுபிடித்துவிடுகிறாள். லென்ஸ்காரர் பிறகு கதைக்கு எதற்கும் உதவுவதில்லை.

#15 கொட்டகைக்காரன்

லென்ஸ்காரர் உதவவில்லை, உண்மைதான். கைது உதவுகிறது அக்கா. சாதா உடையில், தாள் காட்ட முடியாத நிலையில், தான் யார் என்று அவர் சொல்லியும் எடுபடாத முதல் இடம் அது. பிரெமர்ஹாஃபன் துறைமுகத்தில் நடக்கப்போவதற்கு ஒத்திகை. வெட்டுவதானால் அந்தச் சோதனைக்கு முன்னால் வரும் தேடலைக் குறைக்கலாம், இரண்டு நிமிடம் மிஞ்சும். கைதை வைத்துக்கொள்ளுங்கள்.